வேம்பு என்ன ஆனாள்?

எங்கள் கீழ்வீட்டுப் பெண்ணிடம் ஒரு கதையை நிம்மதியாகச் சொல்லி முடிக்க முடியாது. அப்பாடா, முடிந்தது என்று நாம் மூச்சு விடுகிற இடத்தில்தான் அவள் ஆரம்பிப்பாள். "அது சரிக்கா, அந்த ஆளு என்ன ஆனாரு?" எந்த ஆள் என்று நமக்கே மறந்துபோயிருக்கும்.

ஒருமுறை என் கணவர் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்த சண்டை ஒன்றை நடித்தே காட்டினார். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவனுக்கும், அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டவனுக்கும் கைகலப்பு. அந்தத் தள்ளுமுள்ளில் ஓர் அம்மாளின் கொய்யாப்பழக் கூடை கவிழ்ந்து, பழமெல்லாம் சக்கரத்துக்கு அடியில் உருண்டு, போலீஸ்காரர் வந்து இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, கடைசியில் கண்டக்டருக்கு வேண்டிய மூன்றாவது ஆள் அந்த சீட்டில் சொகுசாக உட்கார்ந்து போனாராம். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் மட்டும், "கொய்யாப்பழக்காரம்மா என்ன ஆச்சுண்ணே?" என்றாள். "நான் அதுக்குள்ள பஸ்ல ஏறிட்டேம்மா" என்று இவர் சமாளித்தார். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இவர் அந்தக் கதையை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில் திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். கீழே அவள், அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகிற தங்கை. அப்பாவுக்கு வெங்காயப் பேட்டையில் கமிஷன் கடை. அவள் டி.பார்ம் முடித்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லி. மூக்குக் கண்ணாடி எப்போதும் பாதி மூக்கில்தான் நிற்கும். கையில் ஒரு புத்தகம் இருக்கும், அதற்குள் ஒரு விரல் இருக்கும். ஆள் கூப்பிட்டால் விரலை எடுக்காமலேயே பேசுவாள். அதாவது, சீக்கிரம் சொல்லிவிட்டுப் போ என்று அர்த்தம்.

மருந்துக் கடையிலும் இதே கதைதான். பாதி அட்டை மாத்திரை வாங்கிப் போனவர் மறுபடி வரவில்லை என்றால் இவளுக்கு இருப்புக் கொள்ளாது. அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு கொண்டுவருகிற பெரியவர் ஒருவர் வழக்கமாக வலிப்பு மாத்திரை வாங்குவார். திடீரென்று ஆளைக் காணோம். இவள் ஒரு சந்தை நாளன்று லீவு போட்டுவிட்டு, அத்தனை ஆட்டுக் கூட்டத்துக்குள்ளும் புகுந்து தேடியிருக்கிறாள். கடைசியில் பார்த்தால் அவர் வேறு கடைக்கு மாறிவிட்டிருந்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லாத்தான்க்கா இருக்காரு. என்னையப் பாத்ததும் கெடாவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டாரு" என்றாள்.

அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதே குணத்துக்காக அவளைக் கண்டு பயமும் உண்டு. அவள் பக்கத்தில் இருக்கும்போது எதையும் அரைகுறையாகப் பேசக் கூடாது என்று நாக்கைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

பெண் பார்க்கிற இடத்தில் அந்தக் குணம் எடுபடவில்லை. முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார், பையனுக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் பூ வைத்து நிச்சயம் செய்துவிட்டுப் பிறகு வேண்டாமென்று நிறுத்திவிட்டதைத் தாங்களாகவே சொன்னார்கள். "நாங்க எதையும் மறைக்கிறதில்ல பாருங்க" என்று பெருமை வேறு. காபித் தட்டோடு நின்றவள், "அந்தப் பொண்ணுக்கு அப்பறம் கல்யாணம் ஆயிருச்சாங்க?" என்று கேட்டாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்கள்தான். இரண்டாவது இடமும் இதே மாதிரி ஒரு கேள்வியில் கலைந்தது. அவளுடைய அப்பா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டை அவள் வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். ஒரே வீட்டுக்குள் மாதக்கணக்கில் அப்படி நடந்தது. அவள் வெளியில் காட்டிக்கொள்ளமாட்டாள். ஆனால் அப்பா பைக் வருகிற சத்தம் கேட்டால் புத்தகத்தில் வரி ஓடாது, அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

மூன்றாவது இடம் நான் கொண்டுவந்தது. பையன் என் கணவரோடு வேலை பார்ப்பவன். வத்தலக்குண்டுப் பக்கம் தென்னந்தோப்பு, சொந்த வீடு. ஓர் அக்கா, கல்யாணமாகி மதுரையில் இருக்கிறார், கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு பெண், ஒரு பையன், அளவான குடும்பம் என்று அவர்கள் சொன்னதை நான் கீழ்வீட்டில் வந்து ஒப்பித்தேன். அதோடு ஒரு புத்தகத்தையும் கொடுத்தேன். அந்த அக்கா எழுதிய நாவல். பெண் நிறையப் படிப்பாள் என்று கேள்விப்பட்டு, பையன் கொடுத்து அனுப்பியிருந்தான்.

இளவயதுப் பிள்ளைகளுக்கான நாவல் அது. வருங்காலத்தில் உலகம் சீரழிந்து கிடப்பதாகவும், ஒரு சின்னப் பெண் அதை எதிர்த்து நிற்பதாகவும் எழுதுவார்களே, அந்த வகை. டிஸ்டோபியா என்று பின்னட்டையில் போட்டிருந்தது. அந்த வகைக் கதை என்றால் இவளுக்கு உயிர். எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று குழாயையே பார்த்துக் குடத்தோடு நின்று வளர்ந்தவளுக்கு அதெல்லாம் வருங்காலமாகவே தோன்றவில்லையோ என்னவோ.

கதை இதுதான். மழையே இல்லாத காலம். தண்ணீரையெல்லாம் ஒரு நகரத்துக்குள் வைத்துக் கண்ணாடியால் மூடிவிடுகிறார்கள். இனியா என்ற பெண்ணை அந்த நகரத்தின் தலைவர் வெளியே துரத்திவிடுகிறார். வெளியே பொட்டல்காடு. அங்கே வேம்பு என்று ஒருத்தி, தன்னிடமிருந்த கொஞ்சத் தண்ணீரில் பாதியை இனியாவுக்குக் கொடுத்துக் காப்பாற்றுகிறாள். உள்ளே போகிற ரகசிய வழியையும் காட்டுகிறாள். "நீ இங்கேயே இரு, நான் கதவைத் திறந்துவிட்டு வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன்" என்று இனியா சொல்லிவிட்டுப் போகிறாள்.

பாதிப் புத்தகத்தில் இவள் படியேறி ஓடிவந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இந்த வீட்டுக்கு நான் போறேன்க்கா."

"மாப்பிள்ளைய இன்னும் பாக்கவே இல்லயேடி."

"அவங்கக்கா எழுதியிருக்கிறதப் பாத்துட்டேன்ல. இந்த வேம்பு இருக்காளே, நெசமா ஒரு ஆளப் பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி இருக்குக்கா. இப்படி மனுசங்களக் கவனிக்கிறவங்க இருக்கிற வீடு எப்படிக்கா மோசமா இருக்கும்?"

அவள் வாயிலிருந்து கல்யாணத்துக்குச் சம்மதமாக வந்த முதல் பேச்சு அது. நான் உடனே கீழே போய் அவள் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அவளுடைய அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாயித்துக்கெழமைக்குப் புதுச்சேல எதுவும் எடுக்கணுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். இதை மறுநாள் காலையில் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை புத்தகத்துக்குள் விரல் இல்லை. மூடிய புத்தகத்தை என் கட்டில்மேல் போட்டாள்.

"ஏமாத்திட்டாங்கக்கா."

"என்னடி ஆச்சு?"

"அந்தத் தலைவர் யாருன்னா, இனியாவோட அப்பாவாம். முகமூடியக் கழட்டிட்டு அழுவுறாரு. இவளும் அழுவுறா. மன்னிச்சிடுறா. ஊரே கூடித் தண்ணியத் தெளிச்சு வெளையாடுது. முடிஞ்சு போச்சு."

"நல்லாத்தானே இருக்கு?"

"வேம்பு எங்கக்கா? இருன்னு சொல்லிட்டுப் போனாள்ல? அம்புட்டுத் தண்ணியத் தெளிச்சு வெளையாடுறாங்களே, அவளுக்கு ஒரு சொம்பு கொண்டுபோகல. கதவையே தொறக்கல. கடைசிப் பக்கம் வரைக்கும் இந்தா வந்துருவா, இந்தா வந்துருவான்னு பாத்துக்கிட்டே வந்தேன். பேரையே காணோம்க்கா."

அவள் கோபப்பட்டு நான் பார்த்திருக்கிறேன். இது கோபம் மட்டும் இல்லை. நம்பிப் போன வீட்டில் கதவைச் சாத்தியதுபோல முகம் வாடிப்போயிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் கேட்டுவைக்காதே என்று கெஞ்சினேன். அப்பாவுக்காகவாவது வாயை மூடிக்கொண்டிரு என்றேன்.

"கேட்டா, படிச்சேன்னு சொல்றேன். அம்புட்டுதான். போதுமா?" என்றாள். நம்பினேன், வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா, எழுத்தாளர் அக்கா, இன்னும் ஒரு சித்தி. பிடித்துப்போனால் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போகிற எண்ணத்தில் வந்திருந்தார்கள். பையனின் அம்மா வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை மடியிலேயே வைத்திருந்தார். அறை முழுக்க அந்த வாசம். அவளுடைய அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், யாருக்கு என்ன வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பையன் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து சிரித்தான். இவளும் சிரித்தாள். அப்போது எழுத்தாளர் அக்கா கேட்டார்: "புத்தகம் படிச்சீங்களாம்மா?"

"படிச்சேங்க."

"எப்படி இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். நான் போன உயிர் திரும்பி வந்ததுபோல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் அதோடு விட்டிருக்கலாம். எழுதுகிறவர்களுக்கு அந்த இடத்தில் நிறுத்தத் தெரிவதில்லை.

"முடிவு எப்படி? நெறையப் பேரு கடைசி அத்தியாயத்தைப் படிச்சு அழுதேன்னு சொன்னாங்க."

அவள் புடவை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவளுடைய அம்மா, "பலகாரம் எடுத்துக்கங்க" என்று தட்டை நகர்த்தினார். யாரும் எடுக்கவில்லை.

"வேம்பு என்ன ஆனாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

எழுத்தாளர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "அது... சின்ன கேரக்டர்தானே. கதைக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு."

"இருன்னு சொல்லிட்டுப் போனாங்கள்ல?"

"யாரும்மா வேம்பு?" என்று பையனின் அம்மா நடுவில் கேட்டார். மகள் எழுதிய புத்தகத்தை அவர் படித்ததில்லை போலிருக்கிறது.

"ஒண்ணுமில்லம்மா, கதையில வர்ற பொண்ணு" என்றார் மகள் அவசரமாக.

கதையைக் கேட்டவரிடம் சொல்லாமல் இருக்க இவளுக்குத் தெரியாது. அந்த அம்மாள் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். "கண்ணாடி ஊருக்கு வெளிய ஒரு பொண்ணு தனியா இருப்பாங்க அத்தை. ஒத்தக் காதுலதான் தோடு போட்டிருப்பாங்க, இன்னொரு காது கிழிஞ்சிருக்கும். சிரிச்சா அந்தக் காதை மட்டும் கையால மூடிக்குவாங்க..."

"எந்தக் காது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இடது காது அத்தை."

அந்த அம்மாள் மெல்ல மகள் பக்கம் திரும்பினார். "சின்னவளையா எழுதி வச்சிருக்க?"

பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "சின்னவளா? ஒரு பொண்ணு, ஒரு பையன்னுதானேங்க சொன்னீங்க?"

"இன்னொருத்தி இருந்தா. இப்ப இல்ல" என்றார் பையனின் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "தலைமுழுகியாச்சு. அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?"

"இல்லாம எங்க போனா?" என்றார் அந்த அம்மாள். "தோப்புல தேங்கா ஏத்த வந்த பையனோட போனா. கட்டிக்கிட்டா. குஜிலியம்பாறைப் பக்கம் உசுரோடதான் இருக்கா. கன்னுக்குட்டி இழுத்துக் காது கிழிஞ்சப்ப தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு ஓடுனவ நான்."

"எந்திரி" என்றார் கணவர்.

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நான் இந்தப் புள்ளைக்குப் பூ வச்சிட்டு வாரேன்" என்றார்.

"எந்திரின்னு சொல்றேன்ல!"

கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. பையன் தரையைப் பார்த்தபடி இருந்தான். அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. பிறகு இலையை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது எழுத்தாளர் அக்கா திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது. "அவ என்ன ஆனான்னு எனக்கே தெரியாதும்மா. பேசியே வருசமாச்சு. தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேனா?" என்று இவளிடம் சொல்லிவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

கார் போய்விட்டது. அம்மா சமையல்கட்டில் அழுதுகொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் எதிரில், அடி வாங்கக் காத்திருக்கிற பிள்ளையைப்போல் நின்றாள். இனி இந்த மனிதர் இவளோடு சாகிறவரைக்கும் பேசமாட்டார் என்றே நான் நினைத்தேன். அவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, அந்தப் புள்ள கடைசி வரைக்கும் வெளியவேதான் கெடக்கா?"

"ஆமாப்பா."

"என்ன கதை எழுதுறாங்க" என்றார். பிறகு, "ஒருவாய்க் காப்பி போடு" என்றார். அவள் உள்ளே ஓடினாள்.

சம்பந்தம் அதோடு சரி. ஆபீசில் அந்தப் பையன் என் கணவரைப் பார்த்தால் வேறு பக்கம் நடக்க ஆரம்பித்தான். இரண்டு வருடத்தில் எங்களுக்கும் மாற்றல் வந்து கிளம்பிவிட்டோம். அவளுக்குக் கரூர்ப் பக்கம் கல்யாணம் ஆனதுவரை தெரியும். பிறகு போன் நம்பர் மாறி, தொடர்பு விட்டுப்போனது. அவள் என்றால் இப்படி விட்டிருக்கமாட்டாள்.

ஆனால் அந்த ஊரில் இருந்தபோதே இன்னொன்று நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில வாரங்கள் கழித்து அவள் கடையிலிருந்து எனக்கு போன் செய்தாள். "அக்கா, ஒடனே கெளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க." போய்ப் பார்த்தால் பையனின் அம்மா நிற்கிறார். வீட்டில் ஜவுளிக்கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். சின்ன மகளைப் பார்க்கவேண்டும், ஒற்றையாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருகிறாயா என்று இவளைக் கேட்க மருந்துக் கடைக்கே வந்துவிட்டார். சொந்தபந்தத்தில் யாரையும் கூப்பிட முடியாதாம். இவளைத்தான் கூப்பிடத் தோன்றியதாம்.

குஜிலியம்பாறை பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் போனோம். இரண்டு பக்கமும் காய்ந்த காடு. வழி முழுக்க அந்த அம்மாளின் கை இவள் கைக்குள்ளேயே இருந்தது. இறங்கி, விசாரித்து, ஒரு சந்துக்குள் நுழைந்ததும் அவர் நின்றுவிட்டார். "வேணாம் தாயி. வெரட்டிவிட்டா என்ன செய்வேன்? திரும்பிப் போயிருவோம்."

"அடுத்த பஸ் சாயங்காலந்தான் அத்தை. அதுவரைக்கும் எங்கயாவது நிக்கணும்ல, அங்கயே போய் நிப்போம்" என்றாள் இவள்.

ஓட்டு வீடு. கதவு பாதி திறந்திருந்தது. இவள்தான் தட்டினாள். வெளியே வந்த பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. ஒற்றைக் காதில் தோடு. அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் கல்லாகிவிட்டது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் கண்ணை இவள் பக்கம் திருப்பினாள்.

"நீங்க யாரு?"

"உங்கண்ணனுக்குப் பாத்த பொண்ணு."

"கல்யாணம் எப்ப?"

"பூவே வைக்கலங்க. வேணாம்னு போயிட்டாங்க."

"அப்பறம் எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியல. அதான், பாத்துட்டுப் போலாம்னு" என்றாள் இவள்.

அந்தப் பெண் இவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தை அவள் தோட்டைப் பிடித்து இழுத்தது, அதைக்கூடத் தடுக்கவில்லை. பிறகு வாசலை விட்டு ஒதுங்கி, எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னாள். நாங்கள் நுழைந்தோம். அம்மா மட்டும் வெயிலிலேயே நின்றார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"குனிஞ்சு வாம்மா, நெலை தலையில இடிக்கும்" என்றாள்.